டிஷ்யூவில் ஒட்டிய சிவப்பு: 2025 மார்ச் தர்பூசணி பீதி, ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் தர்பூசணி ஒரு குறுகிய சீசன் பயிர். டிசம்பர், ஜனவரியில் விதை ஊன்றினால் 70 முதல் 90 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். திண்டிவனம், மரக்காணம், மதுராந்தகம், செய்யூர் பக்கம் ஏக்கர் கணக்கில் போட்டிருப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் பறிக்கிறார்கள். வயலிலிருந்து லாரி, லாரியிலிருந்து, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையோரத்து வைக்கோல் படுக்கை, அங்கிருந்து நம் வண்டியின் முன்பக்கம். விலை ஏறட்டும் என்று குளிர்பதனக் கிடங்கில் வைத்துக் காத்திருக்கும் வசதியெல்லாம் சிறு விவசாயிக்குக் கிடையாது. நடுவில் இரண்டு வாரம் ஜனங்கள் வாங்காமல் நின்றுவிட்டால் அந்த வருடத்துக் கணக்கு முடிந்தது. 2025 மார்ச்சில் அதுதான் நடந்தது.

நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையில் உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர் தர்பூசணிக் கலப்படம் பற்றி விழிப்புணர்வாகப் பேசிய வீடியோ வெளியானது. பழம் நல்ல சிவப்பாகத் தெரிவதற்காக எரித்ரோசின் என்ற சாயத்தை ஊசி மூலம் ஏற்ற வாய்ப்பு உண்டு, வெட்டிய பழத்தின் மேல் வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அதன் சாரம். டிவி சேனல்கள் அதை எடுத்துக்கொண்டன. வாட்ஸ்அப்பில் அது சுற்றத் தொடங்கியபோது 'வாய்ப்பு உண்டு' என்பது 'போடுகிறார்கள்' என்று ஆகியிருந்தது. வீடு வீடாக டிஷ்யூ பேப்பர் எடுத்து ஒற்றிப் பார்த்தார்கள். எல்லார் பேப்பரும் சிவந்தது. விற்பனை படுத்தது, வயலில் கேட்கும் விலை சரிந்தது, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்ற நிலைக்கு வந்ததும் விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். தமிழ்நாட்டில் சாயம் ஏற்றிய பழம் எதுவும் பிடிபடவில்லை, தான் சொன்னது பொதுவான எச்சரிக்கைதான் என்று அதே அதிகாரி பிறகு விளக்கம் கொடுத்தார். அதன் பின் அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். பழத்தின் மேல் விழுந்த பழி நீங்கியது, ஆனால் போன சீசன் போனதுதான்.

தனி ஒருவர் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்வது சரியில்லை. அந்தச் சோதனை அவர் கண்டுபிடித்ததும் அல்ல. தர்பூசணியைப் பஞ்சு உருண்டையால் தேய்த்துப் பார், பஞ்சு சிவந்தால் சாயம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே அதற்கு முன்பு வீடியோ போட்டிருக்கிறது. என் கேள்வி வேறு. ஒரு மாநிலமே டிஷ்யூவை ஒற்றி, அதில் ஒட்டிய சிவப்பைப் பார்த்து மிரண்டது. அந்தச் சிவப்பு என்ன? எதற்காக ஜனங்கள் அந்தப் பழத்தை வாங்கிச் சாப்பிட வேண்டுமோ, அந்தப் பொருளைப் பார்த்தே பயந்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் எனக்கு உறுத்துகிற விஷயம். அதே நேரம் தர்பூசணியில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய இரண்டு மூன்று ஆபத்துகளைப் பற்றி அந்த மாதம் முழுக்க யாரும் பேசவில்லை.

பேப்பரில் ஒட்டியது எது

தர்பூசணியின் சிவப்பு லைகோபீன் என்ற இயற்கை நிறமி. தக்காளியின் சிவப்பும் அதுவே. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 100 கிராம் தர்பூசணியில் சுமார் 4.5 மில்லிகிராம் லைகோபீன் இருக்கிறது. பச்சைத் தக்காளியில், அதாவது சமைக்காத பழுத்த தக்காளியில், சுமார் 2.6 மில்லிகிராம். லைகோபீன் என்றாலே தக்காளிதான் ஞாபகம் வரும், ஆனால் பழத்துக்குப் பழம் வைத்துப் பார்த்தால் தர்பூசணி ஒரு படி மேலே நிற்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. தக்காளியை எண்ணெயில் வதக்கினால்தான் அதிலிருக்கும் லைகோபீன் உடம்பில் நன்றாகச் சேரும். தர்பூசணியைச் சூடுபடுத்தத் தேவையில்லை. தர்பூசணிச் சாற்றையும் சூடாக்கிப் பதப்படுத்திய தக்காளிச் சாற்றையும் ஆட்களுக்குக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வந்தது. இரத்தத்தில் ஏறிய லைகோபீன் அளவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

லைகோபீன் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பழத்துக்குள் அது மிக நுண்ணிய துகள்களாகச் செல்களுக்குள் அடைந்திருக்கிறது. கத்தி பட்டதும் வெட்டுமுகத்தில் இருக்கும் செல்கள் உடைகின்றன, சாறு கசிகிறது, அந்தச் சாறோடு துகள்களும் வெளியே வருகின்றன. டிஷ்யூ பேப்பர் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும்போது துகள் மேலே தங்கிவிடும். அவ்வளவுதான். பேப்பர் சிவக்கவில்லை என்றால்தான் நான் சந்தேகப்படுவேன்.

வீட்டில் நானும் செய்து பார்த்தேன். தர்பூசணி, நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி, பப்பாளி, பீட்ரூட், நான்கையும் வெட்டி வரிசையாக டிஷ்யூவை ஒற்றினேன். பீட்ரூட் பேப்பரை ஊறவைத்து ஊதா ஆக்கியது. பப்பாளி மஞ்சள் தடம் விட்டது. தக்காளியில் விதைப்பகுதி ஒட்டிய இடம் வெளிறியும், சதை ஒட்டிய இடம் இளஞ்சிவப்பாகவும் இருந்தது. தர்பூசணி ரோஜா நிறத்தில் திட்டுத்திட்டாக, உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாகத் தெரிந்தது. சோதனையின் விதியை அப்படியே ஏற்றுக்கொண்டால் அன்றைக்கு எங்கள் வீட்டுக் காய்கறிக் கூடையில் பாதி கலப்படம்.

அப்புறம் அதே தர்பூசணித் துண்டை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு நசுக்கி வைத்தேன். தண்ணீர் முதலில் கலங்கலாகச் சிவந்தது. கொஞ்ச நேரம் அசைக்காமல் விட்டதும் சிவப்பு நார் அடியில் படியத் தொடங்கி, மேல் தண்ணீர் வெளிறியது. எரித்ரோசின் இப்படி நடந்துகொள்ளாது. அது தண்ணீரில் கரையும் சாயம். ஒரு சிட்டிகை விழுந்தாலும் தண்ணீர் முழுக்கத் தெளிவான, கண்ணைப் பறிக்கிற இளஞ்சிவப்பாக மாறும், எத்தனை மணி நேரம் வைத்தாலும் அடியில் படியாது. வீட்டில் ஏதாவது சோதித்தே ஆக வேண்டும் என்றால் இந்த டம்ளர் டிஷ்யூவைவிட எவ்வளவோ மேல். இதுவும் கடைசித் தீர்ப்பு அல்ல. ஆய்வகத்தில் சாற்றை லேசாக அமிலமாக்கி அதில் வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் காய்ச்சுவார்கள். செயற்கை அமிலச் சாயம் நூலில் ஏறிக்கொள்ளும், லைகோபீன் ஏறாது. நூலிலிருந்து சாயத்தை அம்மோனியாவில் இறக்கி, சாயங்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபித் தாளில் ஓடவிட்டு, எந்தச் சாயம் என்று அடையாளம் காண்பார்கள். பழைய முறைதான். கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே செய்யலாம்.

எரித்ரோசின் கெடுதலே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இந்தியாவில் குறிப்பிட்ட சில உணவுகளில் மட்டும் அளவோடு சேர்க்க அனுமதிக்கப்பட்ட 8 செயற்கை நிறங்களில் ஒன்று. வெட்டாத, பதப்படுத்தாத பழத்தில் எந்தச் செயற்கை நிறத்துக்கும் அனுமதி கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதற்கு வைத்திருக்கும் தினசரி வரம்பு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். ஆண் எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது தைராய்டு கட்டி வந்தது என்பதால், 2025 ஜனவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. உணவில் இதற்கான அனுமதியை ரத்து செய்தது. நம் ஊரில் வீடியோ வருவதற்கு இரண்டு மாதம் முன்புதான் இது. 'அமெரிக்காவே தடை செய்த சாயம்' என்ற வரி பீதிக்கு நல்ல எண்ணெய் ஊற்றியது. வேடிக்கை என்னவென்றால், பேக்கரி கேக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பளபளச் செர்ரியில் எரித்ரோசின் வழக்கமாகவே சேர்க்கப்படுவதுண்டு. அதை யாரும் டிஷ்யூ வைத்து ஒற்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஊசிக் கணக்கு

சாயம் ஏற்றுவது நடைமுறையில் முடிகிற காரியமா என்று பார்ப்போம். தர்பூசணி உள்ளே வெற்றிடம் உள்ள பந்து அல்ல, தோலிலிருந்து நடுவரை சதை. ஒரு இடத்தில் ஊசி போட்டுச் சாயத்தைத் தள்ளினால் ஊசி போன வழியில், அதைச் சுற்றிக் கொஞ்ச தூரம் மட்டும் நனையும். பழம் முழுக்கச் சீராகச் சிவக்க வேண்டுமென்றால் சுற்றிச் சுற்றிப் பல இடத்தில் குத்த வேண்டும். குத்திய ஒவ்வொரு துளையும் கிருமிக்கு வாசல். தோல் முழுசாக இருக்கும் பழம் வெளியில் இரண்டு வாரம் தாங்கும். துளை போட்ட பழத்தில் வெயில் காலத்தில் சீக்கிரமே சாறு கசிந்து, புளித்து, நுரை தள்ளும்.

10 டன் லாரியில் சராசரி 4 கிலோ பழம் என்று வைத்தால் 2,500 பழம். ஒவ்வொன்றையும் உருட்டி உருட்டிக் குத்த ஆளும் நேரமும் வேண்டும், அத்தனையும் முடித்தால் சீக்கிரம் அழுகும் சரக்குதான் மிஞ்சும். தோட்டத்தில் பழுத்ததே மலிவாகக் கிடைக்கும் மார்ச் மாதத்தில் இதைச் செய்கிறவர் வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவர். அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஏற்கெனவே வெட்டி வைத்த வெளிறிய துண்டின் மேல் யாராவது கலர்த் தண்ணீர் தெளிக்க முடியாதா என்றால், முடியும். ஜூஸில் கலப்பது இன்னும் சுலபம். சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான், வைக்கோல் மேல் குவிந்திருக்கும் முழுப்பழம் அல்ல.

வாட்ஸ்அப் தகவல்களில் வந்த மற்ற 'அடையாளங்களையும்' இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழத்தின் நடுவில் மூன்று கிளையாக விரிந்த வெடிப்பு ஊசி போட்டதற்குச் சாட்சி என்றார்கள். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காமல், நடுச்சதை ஒரு வேகத்திலும் வெளிச்சதை வேறு வேகத்திலும் வளரும்போது இந்த உள்வெடிப்பு வரும். சாப்பிடலாம், பெரும்பாலும் இனிப்பாகவே இருக்கும். தோலில் தெரியும் சிறு துளை ஊசி குத்திய இடம் என்றார்கள். பழ ஈ முட்டையிட்ட இடமும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பழத்தை வேண்டாம் என்று வைப்பது சரி, காரணம் மட்டும் வேறு.

சிவப்பைத் தவிர வேறென்ன இருக்கிறது

தர்பூசணியின் நன்மைகள் என்று சுற்றும் பட்டியல்களில் கண் பார்வை, முடி வளர்ச்சி, புற்றுநோய், ஆண்மை என்று இல்லாததே இல்லை. பீதி ஒரு பக்கம் மிகை என்றால் இது மறுபக்கத்து மிகை. முன்பு சொன்ன அமெரிக்க வேளாண் துறை அட்டவணை சொல்வது அடக்கமானது. 100 கிராமில் 91 கிராமுக்கு மேல் தண்ணீர், 30 கலோரி, சர்க்கரை 6 கிராம் சொச்சம், வைட்டமின் சி 8 மில்லிகிராம், பொட்டாசியம் 112 மில்லிகிராம், நார்ச்சத்து அரை கிராம்கூட இல்லை. நார்ச்சத்துக்காகச் சாப்பிட வேண்டுமென்றால் கொய்யா இருக்கிறது. தர்பூசணியின் பலம், வயிறு நிறைய வெயில் நேரத்தில் சாப்பிட்டாலும் கலோரி ஏறாமல் தண்ணீரும் கொஞ்சம் பொட்டாசியமும் நிறைய லைகோபீனும் உள்ளே போவதுதான். மதியம் ஒரு பாட்டில் குளிர்பானம் குடிக்கும் பிள்ளைக்கு அதற்குப் பதில் ஒரு தட்டு தர்பூசணி கொடுத்தால் அதுவே பெரிய லாபம்.

புற்றுநோய் விஷயத்தில் லைகோபீனுக்குக் கிடைத்த புகழ் அதிகம். நிறைய லைகோபீன் சாப்பிடுகிறவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் குறைவாகத் தெரிந்ததாகச் சில கண்காணிப்பு ஆய்வுகள் சொன்னது உண்மை. அதை லேபிளில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு வந்த மனுக்களை எஃப்.டி.ஏ. 2005இல் பரிசீலித்தபோது, லைகோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடிவெடுத்தது. நல்ல பழம் என்று சொல்லலாம், மருந்து என்று சொல்லக் கூடாது.

எனக்கு அதிகம் சுவாரசியமாகப் படுவது சிட்ருலின். 1914இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தர்பூசணிச் சாற்றிலிருந்துதான் இந்த அமினோ அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தார்கள். சாப்பிட்ட சிட்ருலினைச் சிறுநீரகம் ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றும். ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உருவாகும். அது இரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்தும். 2008இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இதை விளக்கி வெளியிட்ட செய்தியில் வயாக்ராவோடு ஒப்பிட்டுவிட்டது, அன்று பிடித்தது இன்றும் விடவில்லை. இரத்த அழுத்தம் பற்றி ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2011இல் வந்தது. உயர் அழுத்தத்தின் விளிம்பில் இருந்தவர்களுக்கு 6 வாரம் தர்பூசணிச் சாரம் கொடுத்ததில் பெருந்தமனியின் அழுத்தம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. கலந்துகொண்டவர்கள் 9 பேர், கொடுத்தது பழம் அல்ல, அதன் சாரம், அதில் நாளொன்றுக்கு 2.7 கிராம் சிட்ருலின். ஒரு கிராம் சதையில் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் சிட்ருலின் இருக்கும் என்று வைத்தால் அந்த அளவை எட்ட தினமும் ஒரு கிலோவைத் தாண்டிச் சாப்பிட வேண்டும். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு தர்பூசணி சாப்பிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

தோலை ஒட்டிய வெள்ளைச் சதையிலும் சிட்ருலின் உண்டு. ஈரத்தைக் கழித்துவிட்டு உலர் எடையில் பார்த்தால் சிவப்புச் சதையைவிட அங்கேதான் அதிகம். சுரைக்காய் மாதிரி பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம், மோர்க்குழம்பில் போடலாம். பாதிப் பழத்தைக் குப்பையில் போடாமல் மிச்சம் பிடித்த மாதிரியும் ஆயிற்று.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வியர்வையில் தண்ணீர் மட்டுமல்ல, உப்பும் போகிறது. தர்பூசணியில் சோடியம் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்தான். உப்பும் மிளகுத்தூளும் தூவிச் சாப்பிடும் நம் பழக்கம் நாக்குக்காக வந்ததாக இருக்கலாம், சாலையில் தார் போடுகிறவருக்கும் நாற்று நடுகிறவருக்கும் உடம்புக்கும் பொருத்தமானதே. கட்சிக்காரர்கள் திறக்கும் நீர்மோர்ப் பந்தலில் மோரும் தர்பூசணியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த ஜோடி சரியான ஜோடி. மயக்கம், வாந்தி என்று வந்துவிட்டால் தர்பூசணியை நம்பி உட்காரக் கூடாது, ஓ.ஆர்.எஸ். கரைசல், உடனே ஆஸ்பத்திரி.

யாரும் பேசாத ஆபத்துகள்

முதல் ஆபத்து கத்தி. தர்பூசணி புளிப்பில்லாத பழம், சதை முழுக்க தண்ணீரும் சர்க்கரையும். கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. தோலின் மேல் மண்ணும், சில நேரம் எருவும், லாரித் தூசியும் ஒட்டியிருக்கும். கழுவாமல் வெட்டினால் கத்தி அதை இழுத்துக்கொண்டு சதைக்குள் போகும். வெட்டிய தர்பூசணியை 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே வைக்க வேண்டும் என்று வெளிநாட்டு உணவு விதிகள் சொல்வது இதனால்தான். 2011 டிசம்பரிலிருந்து 2012 வரை பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி நாடுகளில் சால்மொனெல்லா நியூபோர்ட் என்ற கிருமியால் பலர் பாதிக்கப்பட்டார்கள். பிரேசிலிலிருந்து வந்த தர்பூசணியை நோக்கித்தான் விசாரணை போனது. குளிர்சாதன வசதி உள்ள நாடுகளிலேயே இந்தக் கதை.

நம் தெருவில் என்ன நடக்கிறது? காலையில் கீற்றுகளாக வெட்டி, பாலித்தீன் மூடி, தெருவோரம் 38 டிகிரியில் மாலை வரை அடுக்கி வைக்கிறோம். கத்தியை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்கிறோம். ஐஸ் எங்கே செய்தது என்று யாருக்கும் தெரியாது. 'தர்பூசணி சாப்பிட்டேன், வயிறு கெட்டுப்போச்சு' என்று சொல்கிறவர்களில் பலரை மடக்கியது இதுவாகத்தான் இருக்கும். சாயத்தின் மேல் பழி விழுந்தது. டிஷ்யூ பேப்பரில் சால்மொனெல்லா தெரியாது. முழுப்பழமாக வாங்கி, ஓடும் தண்ணீரில் தோலைத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பின் சுத்தமான கத்தியால் வெட்டி, மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வெளியில் வாங்கித்தான் சாப்பிட வேண்டுமென்றால் கண்ணெதிரே வெட்டச் சொல்லி வாங்குங்கள்.

இரண்டாவது, சிறுநீரகம். 112 மில்லிகிராம் பொட்டாசியம் என்பது வாழைப்பழத்தின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வாழைப்பழத்தை யாரும் ஒரே நேரத்தில் முக்கால் கிலோ சாப்பிடுவதில்லை. தர்பூசணியைச் சாப்பிடுகிறோம். 750 கிராமுக்கு 840 மில்லிகிராம் பொட்டாசியம், கூடவே கிட்டத்தட்ட 690 மில்லி தண்ணீர். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் சிரமமில்லாமல் வெளியேற்றிவிடும். டயாலிசிஸில் இருப்பவருக்கு இரண்டுமே சிக்கல். பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறினால் இதயத் துடிப்பு தடம் மாறும். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் இரத்தத்தில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் தன்மை உள்ளவை. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் இரத்தத்தில் கூடி, இந்த மாத்திரைகளும் போய்க்கொண்டிருக்கிற ஒருவர், கோடையில் உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் அரைப் பழம் சாப்பிட்டால் அது விளையாட்டுக் காரியமல்ல. இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு டிவி விவாதமும் நடக்கவில்லை.

சர்க்கரை நோயாளிகளின் கதை இதற்கு நேர்மாறு. இங்கே பயம் அளவுக்கு மிஞ்சியது. ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டுவது கிளைசீமிக் குறியீடு. பழைய பட்டியலில் தர்பூசணிக்கு அது 72 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வெள்ளைச் சோற்றோடு சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் குறியீடு குறிப்பிட்ட அளவு மாவுச்சத்தை வைத்துப் போடுவது. தர்பூசணியிலிருந்து 50 கிராம் மாவுச்சத்து கிடைக்க 700 கிராம் வரை சாப்பிட வேண்டும். 150 கிராம், அதாவது ஒரு சின்னக் கிண்ணம் துண்டுகள் என்றால் சர்க்கரை 9 கிராம்தான். சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில் ஒரு கிண்ணம் சாப்பிடலாம், இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். ஜூஸ் கடைப் பக்கம் மட்டும் போக வேண்டாம். அங்கே பழத்தின் சர்க்கரையோடு மூன்று ஸ்பூன் சீனியும் சேர்ந்து விழும். இரிட்டபிள் பவல் என்று டாக்டர் சொன்ன வயிறு உள்ளவர்களுக்கும் ஒரு சொல்: இந்தப் பழத்தில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அந்தச் சர்க்கரை சிலருக்குச் சரியாகச் சேராது. வயிறு உப்பினால் பழத்தின் மேல் சந்தேகப்படாமல் அளவைக் குறையுங்கள்.

கலிபோர்னியா, 1985 ஜூலை

தர்பூசணியில் ரசாயனம் கலந்து நிஜமாகவே ஜனங்கள் படுத்த சம்பவமும் உண்டு. அமெரிக்கச் சுதந்திர தினத்தையொட்டி கலிபோர்னியாவில் தர்பூசணி சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, கண் மங்கல், தசைத் துடிப்பு என்று வரிசையாக வந்தது. காரணம் ஆல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி. தர்பூசணிக்கு அனுமதிக்கப்படாத, நரம்பைத் தாக்கும் மருந்து. செடி வேர் வழியே உறிஞ்சிப் பழத்தில் சேர்த்துவைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். பழத்தின் நிறத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒற்றிப் பார்த்தாலும் தேய்த்துப் பார்த்தாலும் தெரிந்திருக்காது.

அரசு என்ன செய்தது என்பதை நம் மார்ச் மாதத்தோடு வைத்துப் பார்க்கலாம். விற்பனையை நிறுத்திக் கடைகளில் இருந்த பழத்தை அழித்தார்கள். வயல் வயலாக மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சுத்தம் என்று தேறிய வயல்களின் பழத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி சந்தைக்கு விட்டார்கள். தவறு செய்யாத விவசாயிக்குத் தன் பழம் சுத்தம் என்று காட்ட ஒரு வழி கிடைத்தது. இங்கே நடந்தது தலைகீழ் வரிசை. முதலில் வீடியோ, அப்புறம் பீதி, அப்புறம் விலை வீழ்ச்சி, கடைசியில் சாயம் ஏற்றிய பழம் எதுவும் சிக்கவில்லை என்ற விளக்கம்.

உணவுப் பாதுகாப்புத் துறையிடம் ஆய்வகம் இருக்கிறது, மாதிரி எடுக்கும் அதிகாரம் இருக்கிறது. கோயம்பேட்டில் பிப்ரவரியில் இறங்கும் முதல் லாரிகளிலிருந்து ஊருக்கு ஒன்றாகப் பழம் எடுத்து, சாயத்துக்கும் பூச்சிமருந்து எச்சத்துக்கும் சேர்த்துச் சோதித்து, எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை மாதிரி, என்ன முடிவு என்று ஒரு பக்கத் தாளாக சீசன் தொடக்கத்திலேயே வெளியிட்டால் போதும். கூடவே தெருவோரக் கடைகளுக்கு மூடி போட்ட பெட்டியும், கத்தி கழுவ நல்ல தண்ணீரும் இருக்கிறதா என்று பார்ப்பது. வீட்டில் செய்யும் சோதனைகளைச் சொல்லித் தருவதாக இருந்தால், நல்ல பழத்திலும் அது 'கலப்படம்' என்று காட்டுமா என்பதை முதலில் நாலு பழத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லித் தரலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை பழையவைதான். தரையில் படிந்த பக்கம் வெள்ளையாக இல்லாமல் வெண்ணெய் மஞ்சளாக இருக்க வேண்டும். தட்டினால் கணீரென்று இல்லாமல் 'தொம்' என்று கேட்க வேண்டும். கையில் எடுத்தால் பருமனுக்கு மிஞ்சிய கனம் தெரிய வேண்டும். பறித்த பிறகு தர்பூசணியில் இனிப்பு ஏறாது, அதனால் காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்க முடியாது. லைகோபீன் மட்டும் ஏறும். ஒக்லஹோமாவில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் வெட்டாத பழங்களை 21 டிகிரியில் 14 நாள் வைத்துப் பார்த்தபோது, பறித்த அன்று இருந்ததைவிட லைகோபீன் 11 முதல் 40 சதவீதம் கூடியிருந்தது. ஃபிரிட்ஜில் வைத்தவற்றில் அப்படிக் கூடவில்லை. முழுப்பழத்தை வாங்கி வந்ததும் நிழலான மூலையில் வெளியிலேயே போட்டு வையுங்கள். ஃபிரிட்ஜ், வெட்டிய பிறகு.